நாலு பேர் என்ன நினைப்பார்கள்?

கேள்வி: ஊர் என்ன நினைக்குமோ என்ற பயம் இல்லாமல் நெல்லை ரத வீதியில் நடப்பது எப்படி?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: ஊருக்குத் தன்னைப் பற்றி நினைக்கவே நேரம் போதவில்லை, உங்களை எங்கே நினைக்கும்? அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் தாமஸ் கிலோவிச் குழுவினர், கூச்சம் தரும் படம் போட்ட சட்டையை மாணவர்களுக்கு அணிவித்து, பலர் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். ஏறக்குறையப் பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று அணிந்தவர்கள் நம்பினார்கள். கவனித்ததோ கால்வாசிப் பேர்தான். 2000-இல் வெளியான ஆய்வு இது.

"அது அமெரிக்கா, நம்மூரில் நிஜமாகவே பேசுவார்களே" என்பீர்கள். பேசுவார்கள். 1918-இல் புதுச்சேரியை விட்டுக் கடையம் வந்த பாரதி, மனைவி செல்லம்மாவின் தோளில் கைபோட்டு வீதியில் நடந்ததை அந்த ஊர் ஏளனம் செய்தது. ஆனால் பேச்சு தீர்ப்பாகிவிடாது. 2022-இல் அதே கடையத்தில், அதே கோலத்தில் இருவருக்கும் சிலை வைத்தார்கள். ஆக, நாம் அஞ்சும் கருத்துகளில் பல இல்லாதவை; இருப்பவையும் மாறக்கூடியவை. அவற்றுக்காக நமக்குச் சரியென்று பட்டதை ஏன் கைவிட வேண்டும்? பிறர் கருத்து அவசியம் தேவையென்றால் ஊகிக்காதீர்கள். மதிப்புக்குரிய ஒருவரிடம் நேரே கேட்டுவிடுங்கள்.