நான் யாருன்னு தெரியும்லா?

தென்காசி மாவட்டம் பிறந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. 2019 நவம்பர் 22-இல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தமிழகத்தின் 33-ஆவது மாவட்டமானது. 2020 மார்ச் 24 மாலை 144 தடை வந்து இறங்கியது. எந்த அலுவலகம் எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்று ஜனங்கள் விசாரித்து முடிப்பதற்குள் எல்லாவற்றையும் மூடிவிட்டார்கள். மிச்சம் திறந்திருந்தவை மருந்து, பால், காய்கறி, மளிகை. டீக்கடை பெஞ்சு கிடையாது, பஸ் கிடையாது, சாரல் சீசனுக்குக் குற்றாலமும் கிடையாது. இலத்தூர்க்காரர் ஒருவருக்கு இன்னொரு மனிதரோடு சண்டை போட்டே ஆகவேண்டும் என்றால் பலசரக்குக் கடையை விட்டால் வேறு இடமில்லை.

பெரிய கடை என்றால் வாசலில் ஒரு பையன் நிற்பான். ஒரு கையில் சானிடைசர் பாட்டில், மறுகையில் நெற்றிக்கு நேரே நீட்டும் துப்பாக்கி மாதிரி ஒரு தெர்மாமீட்டர். போன வாரம்வரை உள்ளே துவரம்பருப்புப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தவன். இன்றைக்கு அவன்தான் அரசாங்கம். வருகிறவர்கள் கோயிலில் தீர்த்தம் வாங்குகிற மாதிரி உள்ளங்கையைக் குழித்து நீட்டுவார்கள். சிலர் மீதியைப் பழக்கதோஷத்தில் தலையிலும் தடவிக்கொள்வார்கள். அதுவரை எல்லாம் சுமுகம். அடுத்த வாக்கியத்தில்தான் வினை.

“அண்ணாச்சி, மாஸ்க் போட்டுட்டு வாங்க.”

“எல, யாரப் பாத்து என்ன சொல்லுத? நான் யாருன்னு தெரியும்லா?”

தெரியும். முகம் முழுசாகத் தெரிகிறது. அதுதானே பிரச்சினை.

முகக்கவசச் சண்டையைப் பற்றிப் பேசும்போது உலகம் முழுக்க வைரஸ், சுதந்திரம், அறிவியல் என்று பெரிய பெரிய காரணங்களைச் சொன்னார்கள். தென்பாண்டிச் சீமையில் காரணம் ஒன்றே ஒன்று. சொன்னது யார்? கலெக்டர் சொன்னால் போட்டுக்கொள்ளலாம். டாக்டர் சொன்னால் இரண்டாகக்கூடப் போட்டுக்கொள்ளலாம். கடைப் பையன் சொல்லி, அதுவும் பக்கத்துத் தெருக்காரர்கள் பார்க்க, எப்படிப் போடுவது? அண்ணாச்சி மூக்கை மூட மறுக்கவில்லை, மூக்கறுபட மறுத்தார்.

போட்டுக்கொண்டு வந்தவர்களுக்கும் சங்கடம் இருந்தது. மாதக் கணக்கில் சாமான் எடுக்கிறவருக்கு முகம்தான் கணக்கு நோட்டு. பாதி முகத்தை மூடிக்கொண்டு “நம்ம கணக்குல எழுதிக்கிடுங்க” என்றால் கல்லாவில் இருப்பவர் யாருடைய கணக்கில் எழுதுவார்? ஆகவே வாசலில் மேலே ஏற்றிய முகக்கவசம் கல்லா முன்னால் கீழே இறங்கும். கடைக்காரரும் அடையாளம் கண்டுகொண்டேன் என்று காட்டத் தன்னுடையதை இறக்கிச் சிரிப்பார். தொற்று பரவக்கூடாது என்று எங்கே பயந்தார்களோ, சரியாக அந்த இடத்தில்.

கவசத்திலும் எத்தனை ரகம்! துண்டு, கர்சீப், துப்பட்டா, முந்தானை. தாடைக்குக் கீழே கிடப்பது, ஒற்றைக் காதில் தொங்குவது, சட்டைப்பையிலிருந்து எட்டிப் பார்ப்பது. வெளியே வருகிற மச்சானிடம் இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு உள்ளே போகிற குடும்பச் சொத்து ரகம் தனி. இந்த இரவல் தேவைப்பட்டிருக்கவே வேண்டாம். 2020 ஜூலை கடைசியில் ரேஷன் கடை வழியாக ஆளுக்கு 2 முகக்கவசம் இலவசமாகக் கொடுக்கும் திட்டத்தை அரசே தொடங்கியது. அதே மாதம் மதுரையில் ஓர் உணவகம் முகக்கவச வடிவில் பரோட்டா போட்டுப் பெயர் வாங்கியது. செங்கோட்டை பார்டரில் பரோட்டா தின்று வளர்ந்த நாக்குகள் அதற்கு என்ன மதிப்பெண் போடுமோ தெரியாது. ஆனால் மூக்குக்குக் கீழே போனாலும் குற்றமாகாத முகக்கவசம் அந்த ஒன்றுதான்.

சொல்லிக் கேட்காதவர்களுக்குச் சட்டம் வந்தது. 2020 செப்டம்பரில் 1939-ஆம் ஆண்டின் பொது சுகாதாரச் சட்டத்தை அவசரச் சட்டத்தால் திருத்தி விலைப்பட்டியல் ஒன்றைப் போட்டார்கள். முகக்கவசம் இல்லையென்றால் 200 ரூபாய். பொது இடத்தில் துப்பினால் 500. வெற்றிலை போட்ட பெரியவர் கவசத்தை இறக்கித் துப்பினால் இரண்டும் சேர்த்து 700 என்று ஒரு கணக்கும் வரும். விதியை மீறும் கடைக்கு 5,000. இந்தக் கடைசி எண்ணில்தான் விஷயம் இருக்கிறது. வாடிக்கையாளரின் வீம்புக்கு விலை 200. அதைத் தடுக்காத முதலாளிக்கு ஆபத்து 5,000. இரண்டுக்கும் நடுவில் வாசலில் நின்றவன் அந்தப் பையன். போடச் சொன்னால் வாடிக்கையாளர் ஏசுவார். சொல்லாமல் விட்டால் முதலாளி ஏசுவார்.

“நான் யாருன்னு தெரியும்லா” நம்மூர் நோய் மட்டும்தான் என்று யாரும் தலைகுனிய வேண்டாம். 2021 மே மாதம் மங்களூருவின் கத்ரியில் ஒரு சூப்பர் மார்க்கெட். கல்லாவுக்கு வந்தவர் முகக்கவசம் போடவில்லை. ஊழியர்கள் போடச் சொன்னார்கள். தனக்குக் கோவிட் வந்து குணமாகிவிட்டது, தன்னால் யாருக்கும் ஆபத்தில்லை, இது முட்டாள்தனமான விதி என்று அவர் வாதாடினார். வந்தவர் ஒரு டாக்டர். ‘டாக்டர் சொன்னால் போடலாம்’ என்று இருந்தவர்கள் என்ன செய்வார்கள் பாவம். கடை கேமராவில் பதிவானது நாடெல்லாம் சுற்றியது. கர்நாடகத் தொற்றுநோய்ச் சட்டத்தில் வழக்கும் பதிவானது. அவருடைய மருத்துவ வாதத்தை மருத்துவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். அதைக் கல்லாவில் நின்ற ஊழியரிடம் போய் நிரூபிக்க என்ன இருக்கிறது?

சிங்கப்பூரில் கதை இன்னும் உயரம். 2020 மே மாதம் ஷுன்ஃபு சந்தைக்கு முகக்கவசமில்லாமல் வந்த ஒரு பெண்மணி, தான் இறையாண்மை கொண்டவர், நாட்டுச் சட்டம் தன்னைக் கட்டுப்படுத்தாது என்றார். காய்கறி வாங்குகிற இடத்தில் தனிநாடு! மறுவருடம் நீதிமன்றம் அந்தத் தனிநாட்டுக்கு 2 வாரச் சிறையும் 2,000 வெள்ளி அபராதமும் விதித்தது.

நிஜமாகவே பெரிய ஆளாக இருந்தவர்கள் பாடு வேறு. 1918-இல் ஸ்பானிஷ் காய்ச்சல் பரவியபோது சான் பிரான்சிஸ்கோவில் முகக்கவசம் கட்டாயம். மேயர் ஜேம்ஸ் ரால்ஃப் அது இல்லாமல் குத்துச்சண்டை பார்க்கப் போய்ப் படத்தில் மாட்டிக்கொண்டார். அவருடைய நகரப் போலீஸ் தலைவரே 50 டாலர் அபராதம் போட்டார். 2021 ஏப்ரலில் தாய்லாந்துப் பிரதமர் பிரயுத் சான்-ஓச்சா கூட்டத்தில் கவசமில்லாமல் உட்கார்ந்திருந்த படம் அவருடைய ஃபேஸ்புக் பக்கத்திலேயே வெளியானதால் 6,000 பாட் கட்டினார். யாரென்று நன்றாகத் தெரிந்ததால் வந்த அபராதங்கள் இவை.

சிரிப்பு நின்றுபோகிற இடங்களும் இருக்கின்றன. 2020 மே 1 அன்று மிச்சிகனின் ஃபிளின்ட் நகரில், ஒரு மலிவுவிலைக் கடைக்கு வந்தவர்களிடம் முகக்கவசம் போடச் சொன்ன காவலாளி சுட்டுக் கொல்லப்பட்டார். 2021 செப்டம்பரில் ஜெர்மனியின் இடார்-ஓபர்ஸ்டைனில், பீர் வாங்க வந்தவரிடம் அதையே சொன்ன பெட்ரோல் பங்க் கல்லா ஊழியரும் அப்படியே. வயது 20, மாணவர், பகுதிநேர வேலை. விதியை எழுதியவர்கள் எவருக்கும் இவற்றில் கீறல்கூட விழவில்லை.

நம்மூரில் சண்டை அந்த அளவுக்குப் போகவில்லை என்பது ஆறுதல். சத்தம் போட்ட அண்ணாச்சி பெரும்பாலும் கடைசியில் துண்டை எடுத்து மூக்கில் சுற்றிக்கொண்டு, “உனக்காகத்தாம்ல கட்டுதேன்” என்று பையனுக்குச் சலுகை கொடுத்த பாவனையில் உள்ளே போனார். இந்தச் சலுகைப் பாவனையால் தப்பித்த கைகலப்புகள் ஏராளம் இருக்கும். 2022 ஜனவரியில் 200 ரூபாய் அபராதம் 500 ஆனது. பிறகு அந்த விதியும் மெல்லக் கரைந்தது. கடைக் கதவில் பசைத்தடம் மட்டும் மிஞ்ச, ‘மாஸ்க் இல்லையேல் அனுமதி இல்லை’ சீட்டுகள் கிழிந்து போயின.

இந்த அமளிக்கு நடுவே 2021 செப்டம்பரில் ஒரு காரியம் நடந்தது, அதைப் பற்றி எந்த வாசலிலும் யாரும் சத்தம் போட்டதாகத் தெரியவில்லை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, கடை ஊழியர்கள் எல்லோருக்கும் உட்கார இருக்கை கட்டாயம் என்று சட்டமன்றம் விதித்தது. கேரளம் 2018-லேயே செய்துவிட்டது. எல்லையிலுள்ள புளியரையைத் தாண்டி வர மூன்று வருடம். தென்காசிப் பக்கம் பெரிய கடைக்குப் போகிறவர்கள் வாசலில் நிற்கிற பையனுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலாவது கிடக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அவனிடம் கேட்க வேண்டாம், கல்லாவில் கேளுங்கள். சட்டப்படி அது அங்கே இருக்க வேண்டும்.