நெடுஞ்சொல் அறுவையியல்: ஒரு முன்னாய்வு

ஆங்கிலத்தில் நீண்ட சொல் ஒன்று எதிர்ப்பட்டால் அறிஞர் உலகம் இரண்டு கட்சியாகப் பிரிகிறது. நாக்குக் கட்சி அசை பார்த்து வெட்டும். வேர்க் கட்சி பகுதி, விகுதி பார்த்து வெட்டும். நாளைக்கு டிக்டேஷன் உள்ளவர்கள் மூன்றாவது கட்சி. மனப்பாடத்துக்குத் தோதான இடத்தில் வெட்டுவார்கள். இலக்கணிகள் இவர்களைக் கண்டுகொண்டதே இல்லை. அக்குறை இவ்வாய்வால் தீர்கிறது.

சோதனைக்கு முதற்சொல்: நியூமோனோஅல்ட்ராமைக்ராஸ்கோபிக்சிலிகோவால்கேனோகோனியோசிஸ். 45 எழுத்து. முதலில் நிற்கும் 'பி' வாயே திறப்பதில்லை. ஆனாலும் கணக்கில் உண்டு. எரிமலைத் தூசியை மூச்சில் இழுத்தால் வரும் நுரையீரல் நோயாம். 1935-இல் அமெரிக்கத் தேசியப் புதிர்க் கழகத் தலைவர் எவரெட் ஸ்மித், நீளத்துக்கென்றே கட்டிய சொல் இது. (டாக்டர்கள் சிலிகோசிஸ் என்று முடித்துக்கொள்கிறார்கள். வெளியே டோக்கன் வாங்கி ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்களே!) இதில் அசை 19. உறுப்பு: நுரையீரல், அப்பால், நுண்ணிய, சிலிக்கா, எரிமலை, தூசி, நோய் என ஏழு, நன்னூலார் பகுபதத்துக்குச் சொன்னதைவிட ஒன்று கூடுதல். உறுப்பு முடிகிற இடத்திலெல்லாம் அசையும் முடிகிறது என்பதே நம் கண்டுபிடிப்பு. செங்கல்லை எண்ணி அடுக்கிய கொத்து வேலை. இரு கட்சிக்கும் சண்டைக்கு வழியே இல்லை.

கலகம் மூள்வது பத்தே எழுத்துள்ள ஹெலிகாப்டரில். 1861-இல் பிரெஞ்சுக்காரர் பொன்டோன் தாமேகூர் கிரேக்கச் சரக்கை ஒட்டிச் செய்த சொல்: 'ஹெலிக்கோ' என்றால் திருகுச்சுருள், 'ப்டெர்' என்றால் இறக்கை. நாக்கோ ஹெ-லி-காப்-டர் என்கிறது. கத்தி விழுவது இறக்கையின் குறுக்கே! வண்டி அப்படியும் பறக்கிறது. பொதுஜனம் 'ஹெலி' வேறு, 'காப்டர்' வேறு என்று பிளந்து, முன்துண்டை வைத்து ஹெலிபேடே கட்டிவிட்டது. மந்திரிகளே வந்து இறங்கும் இடம் ஆதலால், வெட்டு தவறு என்று இனி யாரும் வழக்காட முடியாது.

மூன்றாம் கட்சியின் மூலபாடம் லெப்டினன்ட். வேர்க் கட்சிக்கு இது பிரெஞ்சு: ஒருவர் இடத்தில் இன்னொருவராய் இருப்பவர். நாக்குக் கட்சிக்கு மூன்று அசை. ஐந்தாம் வகுப்புக்கோ லை, யூ, டென், ஆன்ட்: பொய், நீ, பத்து, எறும்பு. பொருளும் இல்லை, உச்சரிப்பும் இல்லை. ஸ்பெல்லிங் மட்டும் பிசகாது. முதலில் வருவது ஐயா, ஈயா என்று பேரறிஞர்கள் பேனாவைக் கடித்துக்கொண்டிருக்கையில், எறும்புக் கட்சி பேப்பரை நீட்டிவிட்டு கிரவுண்டுக்கு ஓடியிருக்கும்.