எனக்கு நானே வாங்கிய வாய்தா

கோர்ட்டுகள் ஏன் உருப்படவில்லை என்று டீக்கடையில் எவ்வளவு நேரம் கேட்டாலும் சொல்வேன். எங்கள் குடும்பத்துப் பாகப்பிரிவினை வழக்கு எனக்கு அந்தத் தகுதியைத் தந்திருக்கிறது. அதையே எழுதிக் கொடுங்கள் என்று கேட்டபோதுதான் சாயம் வெளுத்தது.

2021 ஜூனில் உச்ச நீதிமன்றத்தின் மின்குழு, கோர்ட்டு நடவடிக்கைகளை நேரலையில் காட்டவும் பதிவு செய்யவும் மாதிரி விதிகளை வரைவாக வெளியிட்டது. ஜூன் 30-க்குள் யார் வேண்டுமானாலும் கருத்து அனுப்பலாம். அப்போது ஊரடங்கு வேறு. நேரமில்லை என்று சொல்லவும் வழியில்லை.

நேரலை பத்து நிமிடம் தாமதமாகத்தான் போகும் என்று ஒரு விதி இருந்தது. விடுவேனா? 'பத்து வருடம் இழுப்பவர்களுக்குப் பத்து நிமிடம் எம்மாத்திரம்' என்று தொடங்கி ஒரு பக்கம் நக்கலடித்து, மனைவியிடம் வாசித்தும் காட்டினேன்.

"ஏங்க, வெளியே போகக்கூடாத பேரை யாராவது சொல்லிட்டா நிறுத்தறதுக்குத்தானே அந்தப் பத்து நிமிஷம்?"

பக்கம் குப்பைக்குப் போனது.

சாட்சி விசாரணையையும் குறுக்கு விசாரணையையும் காட்டக்கூடாது என்றிருந்தது. சுவாரசியமே அங்கேதானே என்று பொங்கினேன். சினிமாவில் கோர்ட்டு பார்த்து வளர்ந்த புத்தி! முதல் சாட்சி சொன்னதை வீட்டிலிருந்தே பார்த்து இரண்டாம் சாட்சி மனப்பாடம் செய்துகொண்டு வருவான் என்பது மெதுவாகத்தான் உறைத்தது. குடும்ப வழக்குகளும் பாலியல் குற்ற வழக்குகளும் நேரலையில் வராது என்பதில் எனக்கு முழுச் சம்மதம். ஆனால் சம்மதத்தையும் எழுதி அனுப்பலாமே என்று தோன்றவில்லை. சண்டை போட்டால்தான் கருத்து என்று நினைத்திருந்தேன்.

கடைசியில் மனம்விட்டு நீளமாக எழுதி, எங்கள் வக்கீல் குமாஸ்தாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். உடனே கூப்பிட்டார்.

"சார், விதியைப் பத்திக் கேட்டா உங்க பிராதையே திரும்ப எழுதியிருக்கீங்க. எந்த விதி, அதுல என்ன மாத்தணும், அத மட்டும் எழுதுங்க."

அப்படித் தேடியபோது உருப்படியாக ஒன்று கிடைத்தது. பதிவுகளைக் குறைந்தது ஆறு மாதம் வைத்திருக்க வேண்டும் என்றது வரைவு. எங்கள் வழக்கில் ஒரு வாய்தாவுக்கும் அடுத்ததற்கும் நடுவிலேயே அதைவிட அதிகக் காலம் ஓடியதுண்டு. வழக்கு முடியும்வரை வைத்திருங்கள் என்று நாலே வரி எழுதினேன். ஜூன் 30 இரவு. காலையில் ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு அனுப்பலாம் என்று படுத்தேன்.

காலையில் குமாஸ்தாவிடம் புலம்பினேன். "தாமதத்தை மன்னிக்கச் சொல்லி ஒரு மனு போட்டுடுவோமா சார்?" என்றார். சிரிக்காமல்தான் கேட்டார்.

சிவில் கோர்ட்டு விதிகளை உயர் நீதிமன்றம் மாற்றுவதென்றால் முதலில் வரைவை வெளியிட வேண்டும் என்கிறது சிவில் நடைமுறைச் சட்டத்தின் 122-ஆவது பிரிவு. குறித்த தேதிக்குள் வரும் ஆட்சேபங்களையும் யோசனைகளையும் பரிசீலித்தாக வேண்டும் என்கிறது 1897-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று. அப்படி ஏதாவது வரைவு உங்கள் கண்ணில் பட்டால் எனக்கும் சொல்லுங்கள். கடைசித் தேதியை மட்டும் இரண்டு நாள் குறைத்துச் சொல்லுங்கள்.