பண்டாரவன்னியன் கரடி

கேள்வி: பழைய சாரத்தில் இலவம்பஞ்சு அடைத்து மகனுக்குக் கரடிப் பொம்மை தைக்கிறேன். பண்டாரவன்னியன் என்று பெயர் வைக்கலாமா? (வாசகி, வட்டக்கச்சி)

பதில்: தாராளமாக! டெடி கரடியும் ஒரு தலைவரின் பெயரில் பிறந்ததுதான். 1902இல் 'டெடி' என்று அழைக்கப்பட்ட அமெரிக்க ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட் கட்டிவைத்த கரடியைச் சுட மறுத்தார். புரூக்ளின் கடைக்காரரின் மனைவி ரோஸ் மிச்டம் அதைப் பொம்மையாக்கினார். சுடாத துப்பாக்கிக்கே அத்தனை புகழ் என்றால், 1803இல் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கி வெள்ளையரின் பீரங்கிகளையே பறித்த வன்னித் தலைவர் பண்டாரவன்னியனுக்கு ஒரு கரடி கூடாதா? வன்னிக்காட்டுக் கரடிக்கு நெஞ்சில் வெள்ளைப் பட்டை உண்டு. அதையும் மறக்காமல் தையுங்கள். 'இவர் யார்?' என்று மகன் கேட்டால் கற்சிலைமடுவுக்குக் கூட்டிப்போங்கள். அங்கே அவரைத் தோற்கடித்ததாக வெள்ளையர் நட்ட கல்லும் அவர் புகழைத்தான் பரப்பியது!