மஞ்சள் முக்கோணத்துக்கு ஒரு மனு

பெறுநர்: உயர்திரு டிவைஸ் மேனேஜர் அவர்கள், விண்டோஸ் இயங்குதளம்.

பொருள்: சீரியல் கேபிள்களுக்கு வாழ்வுரிமை கோருதல் தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலகக் குறிப்பு, பிழைக் குறியீடு 10.

ஐயா,

மனுதாரர்கள் எடைமேடை நடத்துவோர், பழைய ஃபானுக் கன்ட்ரோலர் உள்ள சிஎன்சி இயந்திரத்துக்குப் புரோகிராம் ஏற்றும் பட்டறைக்காரர்கள், ரவுட்டரின் கன்சோலுக்குள் நுழைய வேண்டிய நெட்வொர்க் ஆட்கள், டெலஸ்கோப்பைத் திருப்பிப் பார்க்கும் வானியல் ஆர்வலர்கள். இவர்களுடைய கருவிகளில் எதுவும் பழுதாகவில்லை. வழக்குக்கு மூலகாரணமே அதுதான். ஒழுங்காக ஓடுவதால் யாரும் அவற்றை மாற்றவில்லை; மாற்றாததால் தங்கள் வாசலுக்கு வந்து நிற்கிறார்கள்.

ஆர்எஸ்-232 என்ற ஏற்பாடு 1960இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்டது என்பது தங்களுக்குத் தெரிந்ததே. அனுப்ப ஒரு கம்பி, வாங்க ஒரு கம்பி, கிரவுண்டுக்கு ஒன்று: பெரும்பாலான வேலைக்கு இந்த மூன்றே போதும். பிளஸ் 3 முதல் 15 வோல்ட் வரை இருந்தால் 0, மைனஸ் பக்கம் அதே அளவு இருந்தால் 1. யார் நீ, எந்த ஊர், யார் செய்தது என்று எந்த முனையும் மறுமுனையைக் கேட்டதில்லை. 1996இல் யுஎஸ்பி வந்த பிறகுதான் செருகப்படும் ஒவ்வொன்றும் தயாரிப்பாளர் எண்ணையும் பொருள் எண்ணையும் ஒப்பிக்க வேண்டியதாயிற்று. 1998இல் ஆப்பிளின் ஐமேக் சீரியல் போர்ட்டையே கைவிட்டது. லேப்டாப்களும் மெல்ல மெல்ல அதே வழிக்கு வந்தன. இடைவெளியை நிரப்ப வந்ததுதான் ஒரு முனையில் யுஎஸ்பியும் மறுமுனையில் 9 ஊசியும் கொண்ட அந்த அடாப்டர் கேபிள்.

அதன் தலைக்குள் ஒரு சிப். கேபிள் வாங்குபவர் அந்தச் சிப்பைக் கண்ணால் பார்ப்பதில்லை. டப்பாவிலும் பெரும்பாலும் அதன் பெயர் இராது. ஆனால் தங்கள் அலுவலகத்தில் முதல் விசாரணையே அதைப் பற்றித்தான்.

தைவானின் ப்ரொலிஃபிக் நிறுவனம் பிஎல்2303 வரிசையில் எச்எக்ஸ்ஏ என்ற சிப்பை 2012இல் நிறுத்தியது. புதிய டிரைவர் அந்தச் சிப்பைக் கண்டால் மஞ்சள் முக்கோணத்தைக் காட்டி, இது 2012 முதல் கைவிடப்பட்டது, உங்களுக்கு விற்றவரை அணுகவும் என்று எழுதுகிறது. போலிச் சிப்புகள் பெருகிவிட்டன என்பது நிறுவனத்தின் வாதம். அது உண்மைதான். ஆனால் முறையாகக் காசு கொடுத்து வாங்கிய அசல் எச்எக்ஸ்ஏவுக்கும் இதே கதிதான். விற்றவரை அணுகச் சொல்லும் யோசனையோ அபாரம்: நடைபாதைக் கடைக்காரரிடம் போய் எச்எக்ஸ்ஏவின் ஆயுட்காலம் குறித்து விளக்கம் கேட்கலாம்.

மனுதாரர்கள் கண்டுபிடித்த பரிகாரம் 3.3.2.105 என்ற டிரைவர். பிறந்த வருடம் 2008. விண்டோஸ் 10இலும் அது பல கேபிள்களை எழுப்பிவிடுகிறது. இரவோடு இரவாகத் தங்கள் அப்டேட் துறை வந்து அதை அகற்றிப் புதியதை வைத்துவிட்டுப் போகிறது. காலையில் மறுபடி முக்கோணம்.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். 2014இல் நடந்தது வேறு ரகம். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் உள்ள எஃப்டிடிஐ நிறுவனத்தின் எஃப்டி232 சிப்புக்கும் ஏராளமான போலிகள் உண்டு. அந்த ஆண்டு விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த அதன் டிரைவர், போலியைக் கண்டால் மறுப்பதோடு நிற்கவில்லை. சிப்பின் உள்நினைவகத்துக்குள் புகுந்து பொருள் எண்ணை 0000 என்று மாற்றி எழுதியது. அதன் பிறகு அந்தக் கேபிளை எந்தக் கணினியில் செருகினாலும் விண்டோஸுக்கு அது யாரோ. வேலையின் நேர்த்தியைப் பாராட்டத்தான் வேண்டும்: அசல் சிப்பும் போலியும் நினைவகத்தில் எழுதும் முறையில் ஒரு சிறு வேறுபாடு உண்டு. அதே கட்டளை அசலை ஒன்றும் செய்யாது, போலியை மட்டும் முடக்கும். அசல் அல்லாத சிப்புக்குச் சேதம் வரலாம் என்று உரிம ஒப்பந்தத்தில் எச்சரித்தும் இருந்தார்கள். தானாக வந்து அமரும் அப்டேட்டில் அந்த ஒப்பந்தத்தை எந்த மனுதாரர் படித்தார் என்பதை மட்டும் அலுவலகம் விளக்க வேண்டும்.

எதிர்ப்பு கிளம்பியதும் டிரைவரைத் திரும்பப் பெற்றார்கள். 2016இல் மென்மையான ஒரு முறை வந்தது: போலியானால் கருவியின் தகவலுக்குப் பதிலாக, அசல் அல்லாத கருவி கண்டுபிடிக்கப்பட்டது என்ற வாசகம் ஓடும். மறுமுனையில் எடைமேடை கிலோவை எதிர்பார்த்துக் காத்திருக்கிறது, வருவதோ குற்றப்பத்திரிகை.

அடுத்த தெருவில் என்ன நடந்தது என்பதையும் தாங்கள் அறிய வேண்டும். 2014 அக்டோபரிலேயே லினக்ஸ் ஆட்கள் தங்கள் டிரைவரின் பட்டியலில் அந்த 0000 எண்ணையும் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டார்கள். கொல்லப்பட்ட கேபிள்கள் அங்கே எழுந்து உட்கார்ந்து வேலை செய்தன. நான்ஜிங்கைச் சேர்ந்த இன்னொரு நிறுவனம் சிஎச்340 என்ற சிப்பைத் தன் சொந்தப் பெயரிலேயே மலிவாக விற்கிறது. ஆர்டுயினோ நகல் பலகைகள் பலவற்றில் இன்று அதுதான் இருக்கிறது.

போலி அடித்தவனை மனுதாரர்கள் ஆதரிக்கவில்லை. உழைத்துச் சிப் வடிவமைத்தவருக்கு நஷ்டம். போலியின் கோளாறுக்கும் அவருக்கே வசவு. கோபம் நியாயம். போலி செய்த தொழிற்சாலை மீதோ அதைக் கொள்முதல் செய்த கேபிள் கம்பெனி மீதோ அந்தக் கோபம் பாய்ந்திருந்தால் இந்த மனுவுக்கே அவசியம் இராது. ஆள் எட்டாத தூரத்தில் இருப்பதால், கைக்கு எட்டிய பட்டறைக்காரரின் கேபிளை ஒடித்தார்கள்.

ஆகவே கோரிக்கைகள் சொற்பம். ஓடிக்கொண்டிருக்கும் டிரைவரைக் கேட்காமல் மாற்ற வேண்டாம். மறுப்பதானால் எந்தச் சிப்பைக் கண்டீர்கள் என்று சொல்லி மறுக்கவும். அடுத்தவர் கருவியின் நினைவகத்தில் எதையும் எழுத யாரையும் அனுமதிக்க வேண்டாம்.

பதில் அனுப்பும் முகவரி குறித்து ஒரு விளக்கம். தனிச் சீரியல் எண் இல்லாத கேபிளைப் பக்கத்து யுஎஸ்பி துளைக்கு மாற்றினாலே தாங்கள் அதற்குப் புதிய காம் போர்ட் எண் ஒதுக்குகிறீர்கள். பழைய எண்ணையும் விடுவிப்பதில்லை. மனுதாரர்களின் பழைய மென்பொருள்கள் பலவற்றுக்குக் காம்4க்கு மேல் எண்ணத் தெரியாது. நேற்று காம்7இல் இருந்தோம், மேசையைத் துடைத்த பிறகு காம்11. பதிலைத் தயவுசெய்து தபாலில் அனுப்பவும்.

இப்படிக்கு,
மனுதாரர்கள்