பிரம்மாவும் பரீட்சகரும்

சேகரிப்புச் சீட்டாட்டங்களுக்குச் சீட்டுகளைச் சிருஷ்டிக்கும் உத்தியோகஸ்தர், படைப்புத் தொழிலில் பிரம்மதேவனைக் காட்டிலும் ஒரு படி பாக்கியசாலி என்றே சொல்லவேண்டும். ஏனெனில், தம் படைப்பு உலகில் இறங்குமுன் அதை ஆடிப் பார்த்துக் குற்றம் கண்டுபிடிப்பதற்கென்றே சம்பளம் பெறும் பரீட்சகர்கள் அவருக்கு உண்டு. ஆனால், கடைசி நேரத்தில் உதிக்கும் யோசனைக்கு மட்டும் பரீட்சை கிடையாது.

1993-இல் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்னும் கணித நிபுணர் தோற்றுவித்த 'மேஜிக்: த கேதரிங்' ஆட்டத்தில், 2004 பிப்ரவரியில் 'ஸ்கல்கிளாம்ப்' என்றொரு சீட்டு அவதரித்தது. அதைத் தரித்த பிராணிச் சீட்டுக்குத் தாக்கும் வலிமை ஒன்று கூடும். தாங்கும் வலிமை ஒன்று குறையும். அது மாண்டாலோ, ஆடுபவருக்கு இரண்டு புதுச் சீட்டுகள். கடைசி நேரத்தில் திருத்தப்பட்ட இந்த வாசகத்தைப் போதுமான அளவு ஆடிப் பார்க்க அவகாசமில்லை. குறைப்பதனால் பலவீனம் உண்டாகும் என்பதுதானே அரிச்சுவடிக் கணிதம்? தாங்கும் வலிமை ஒன்றே கொண்ட அற்பப் பிராணிகளோ, தரித்த மாத்திரத்தில் பிராணத்தியாகம் செய்து, யஜமானருக்கு இரண்டிரண்டாகச் சீட்டுகளை வாரி வழங்கின! அவ்வாண்டு ஜூன் மாதத்திலேயே பிரதானப் போட்டிப் பிரிவில் அச்சீட்டுக்குத் தடை விதிக்கப்பட்டது.

பரீட்சகர் அலுவலகத்தில் செய்யத் தவறியதை ஆட்டக்காரர்கள் வீதியில் செய்து முடித்தார்கள்; வித்தியாசம் என்னவென்றால், முன்னவருக்குச் சம்பளம் கொடுக்கவேண்டும், பின்னவர்களோ காசு கொடுத்துச் சீட்டு வாங்கிப் பரீட்சிக்கிறார்கள். இத்தகைய சிக்கனத்தைக் கண்டபின், எந்த நிர்வாகிதான் நிதானத்தைப் போற்றுவார்?