வயர் இல்லாத வாழ்க்கை

எங்கள் சொந்தபந்தத்தில் கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. பெரியப்பா வீட்டு டெஸ்க்டாப் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தபோது, பின்னால் தொங்கிக்கொண்டிருந்த பவர் கேபிளை அழுத்திச் செருகினேன்; அது எழுந்து உட்கார்ந்துவிட்டது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்துக் கதை. அதற்கப்புறம் நான் புதிதாக எதுவும் கற்றுக்கொள்ளவும் இல்லை, அந்தப் பெயரை மறுக்கவும் இல்லை.

இருக்கிற பெயரோடு சும்மா இருந்திருக்கலாம். வளைகாப்பு போட்டோக்களை எல்லாரும் லேப்டாப்பில் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, "இருங்க, வயரே இல்லாம டிவில போட்டுக் காட்டறேன்" என்றேன். அப்படிக் கேட்டவர் ஹாலில் ஒருவர்கூட இல்லை.

வழி என்னவோ சுலபம்தான். விண்டோஸ் கீயையும் கே-யையும் சேர்த்து அழுத்தினால் திரை ஓரத்தில் ஒரு பட்டி திறந்து, பக்கத்தில் இருக்கிற டிவிகளைத் தேடும். தேடும்போது சின்னச் சின்னப் புள்ளிகள் ஓடும். நீங்களும் பார்த்திருப்பீர்கள். "இதோ வந்துடுச்சு" என்று நாம் சொல்லச் சொல்ல அவை ஓடிக்கொண்டே இருக்கும். ஹாலில் இருந்தவர்கள் முதலில் டிவியைப் பார்த்தார்கள். அப்புறம் என்னைப் பார்த்தார்கள். அப்புறம் அவரவர் போனைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று: ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவது. பண்ணினேன். பலிக்காததால் திரும்பவும் பண்ணினேன். மிராகாஸ்ட் என்கிற இந்த ஏற்பாடு 2012-ல் வந்தது. வைஃபை டைரக்ட் என்ற முறையின் மேல் நிற்கிறது. அதாவது, லேப்டாப்பும் டிவியும் ரூட்டரை நடுவில் விடாமல் நேருக்கு நேர் பேசி முடித்துக்கொள்ளும், தரகர் இல்லாத சம்பந்தம்போல. அந்தச் சங்கதி தெரியாமல், இதில் கமிஷன்கூட வாங்காத தரகரைப் பிடித்து நான் உலுக்கிக்கொண்டிருந்தேன். உள்ரூமில் பையனுக்கு ஆன்லைன் டெஸ்ட் ஓடிக்கொண்டிருந்ததை அவனே வெளியே வந்து சொன்னான். சொன்ன தொனியை இங்கே எழுத முடியாது.

"என்னங்க, ரிமோட்ல இன்புட் அழுத்துனா ஸ்க்ரீன்னு என்னமோ ஒண்ணு வருதே, அது இதுக்குத்தானா?" என்றார் மனைவி. "அது வேற" என்றேன். பல டிவிகளில் அதைத் திறந்து வைத்தால்தான் லேப்டாப்பின் கண்ணில் டிவி படும். பெயர் மட்டும் ஆளுக்கொன்று வைத்திருப்பார்கள்: எல்ஜியில் ஸ்க்ரீன் ஷேர், சோனியில் ஸ்க்ரீன் மிரரிங். ஆக, அது வேறு இல்லை. ராத்திரி எல்லாரும் தூங்கியபின் போய் அழுத்திப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

அழுத்தியும் வேலை நடக்கவில்லை என்பது தனிக்கதை. அடுத்த கட்டமாக அந்தக் கறுப்பு ஜன்னலைத் திறந்தேன். கமாண்ட் ப்ராம்ப்ட். அதில் ஏதாவது டைப் அடித்தால் பார்க்கிறவர்களுக்கு நம்மேல் ஒரு மரியாதை வரும். என்ன அடிக்கிறோம் என்பது முக்கியமில்லை. 'நெட்எஸ்ஹெச் டபிள்யூலேன் ஷோ டிரைவர்ஸ்' என்று அடித்தால் பத்திபத்தியாக ஏதேதோ வரும். கீழே ஒரு வரி, வயர்லெஸ் டிஸ்ப்ளே சப்போர்ட் உண்டா இல்லையா என்று சொல்லும். எனக்கு 'நோ' என்று வந்தது. பக்கத்திலேயே காரணமும் போட்டிருந்தது: வைஃபை டிரைவர் சரி, கிராஃபிக்ஸ் டிரைவர் சரியில்லை.

இந்த இடத்தில் லேப்டாப் கம்பெனியைத் திட்டி ஒரு பத்தி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் தீபாவளி லீவில் "ஸ்பீடு ஏத்தறேன்" என்று விண்டோஸை அழித்துவிட்டு மறுபடி போட்டது யார்? போட்டவன் கிராஃபிக்ஸ் டிரைவரைப் போடவில்லை. படம் தெரிகிறதே, போதாதா என்று விட்டுவிட்டான். விண்டோஸ் தன் கையிருப்பில் உள்ள பேசிக் டிஸ்ப்ளே அடாப்டரை வைத்து இத்தனை மாதம் ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறது. "என்ன, வீடியோ விட்டு விட்டு ஓடுதே?" என்று பையன் கேட்டபோதெல்லாம், "நெட் ஸ்லோ" என்று ரூட்டரைத்தான் காட்டினேன். பாவம் அந்த ரூட்டர்.

டிரைவர் போட்டாயிற்று. இனி என்ன? டிவி அப்போதும் வரவில்லை. ஆபீஸ் விபிஎன் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டு வைஃபையை விண்டோஸில் 'பப்ளிக்' என்று வைத்திருந்தேன். பப்ளிக்கா, ப்ரைவேட்டா என்று அது கேட்டபோது, எதற்கு வம்பு என்று பொதுவாகச் சொல்லிவைத்தது. பப்ளிக் என்றால் ஃபயர்வால் யாரையும் கிட்டே சேர்க்காது. என் வீட்டுக்குள்ளேயே என் லேப்டாப் முகத்தை மூடிக்கொண்டு இருந்திருக்கிறது.

இதற்கு நடுவில் மச்சினன் ஐபோனோடு வந்து சேர்ந்தான். "அத்தான், டிவி வேணாம், லேப்டாப்லயாவது என் போனைக் காட்டுங்களேன்." முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். "அஞ்சு நிமிஷம்" என்றேன். செட்டிங்ஸில் 'ப்ரொஜெக்டிங் டு திஸ் பிசி' என்று ஒன்று உண்டு; தொட முடியாமல் சாம்பல் நிறத்தில் கிடந்தது. 2020-க்குப் பிறகு வந்த விண்டோஸில் வயர்லெஸ் டிஸ்ப்ளே என்ற ஆப்ஷனல் ஃபீச்சரைத் தனியாகச் சேர்த்தால்தான் அதற்கு உயிர் வரும். கண்டுபிடித்தேன், சேர்த்தேன், மார்தட்டினேன். ஆனால் ஐபோன் பேசுவது ஏர்ப்ளே. விண்டோஸ் பேசுவது மிராகாஸ்ட். தனியாக ஒரு சாஃப்ட்வேர் போடாமல் ஒன்றுக்கு மற்றது கண்ணிலேயே படாது. இதை நான் படித்து முடித்தபோது மச்சினன் சாப்பிட்டுவிட்டு ஊருக்கே போயிருந்தான்.

ஒருநாள் வந்தேவிட்டது. டிவியில் என் வால்பேப்பர்! வால்பேப்பர் மட்டும். 'டூப்ளிகேட்' வைக்காமல் 'எக்ஸ்டெண்ட்' வைத்திருந்தேன். அதாவது டிவி என்பது லேப்டாப்பின் பக்கத்தில் ஒட்டிய காலி மனை. ஜன்னல்கள் எல்லாம் இங்கே, மவுஸ் மட்டும் வலது ஓரத்தைத் தாண்டி அங்கே குடிபோய்விட்டது. டச்பேடை நான் தேய்த்துக்கொண்டே இருக்க, அம்மாதான் சொன்னார்: "டேய், உன் அம்பு டிவிக்குள்ள ஓடுது பாரு."

அதைச் சரிபண்ணி ஒரு படம் போட்டேன். சத்தம் லேப்டாப்பில் வந்தது. சத்தத்தை டிவிக்கு மாற்றினேன், படம் கட்டங்கட்டமாக உடைந்தது. காரணம் தேடினால், மைக்ரோவேவ் ஓவனும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையும் கிட்டத்தட்ட ஒரே அலைவரிசையில் வேலை செய்பவை என்று போட்டிருந்தது. என் தப்பில்லாத ஒரு காரணம் கிடைத்த சந்தோஷத்தில், "நீ சாம்பார் சுட வைக்கறதுனாலதான்!" என்று சமையலறையைப் பார்த்துக் கத்திவிட்டேன். அன்று எனக்கு மட்டும் சாம்பார் ஆறித்தான் இருந்தது.

ஓடிடி படம் போட்டபோது வசனம் கேட்டது, திரை கறுப்பாக இருந்தது. எச்டிசிபி என்று ஒரு பூட்டு. படத்தை யாரும் காப்பி எடுக்காமல் இருக்க வைத்திருக்கிறார்கள். வழியில் ஏதாவது ஒரு இடத்தில் அந்தப் பூட்டுக்கு ஒத்துவரவில்லை என்றால் படத்தை மறைத்துவிடும். அம்மாவுக்கு இதில் ஒரு குறையும் இல்லை. ரேடியோவில் ஒலிச்சித்திரம் கேட்டு வளர்ந்தவர். "இதுவே நல்லாத்தான் இருக்கு, விடு" என்றார். வீட்டில் என் தொழில்நுட்பத்தைப் பாராட்டிய ஒரே ஆள்.

கடைசியாக, மேல்வீட்டு சார் விஷயம். கே அழுத்தினால் வரும் பட்டியலில் அன்று இரண்டு டிவி. ஒரே கம்பெனி, நீளமான மாடல் நம்பர், வால் எழுத்துகள் மட்டும் வேறு. எங்கள் டிவியின் மாடல் என்ன என்று எழுந்து போய்ப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? நான் மேலே இருந்ததைத் தொட்டேன். 'கனெக்டட்' என்று வந்தது. எங்கள் டிவியில் ஒரு அசைவும் இல்லை. டிவிதான் மெதுவாக வருகிறது என்று முடிவு கட்டி, அதுவரை சும்மா இருப்பானேன் என்று கைமாற்றுக் கணக்கு எழுதிவைத்திருக்கும் எக்ஸெல்லைத் திறந்தேன்.

அதில் நாலாவது வரி: 'மேல்வீட்டு சார், 500, மார்ச். கேட்டால் சிரிக்கிறார்.'

மறுநாள் காலை சார் வந்தார். சிரிக்கவில்லை. டிவியில் ஏதோ அனுமதி கேட்டதாம். செட்டாப் பாக்ஸ் ரீசார்ஜ் அறிவிப்பாக்கும் என்று ஓகே அழுத்தினாராம். வீட்டில் விருந்தாளிகள் வேறு இருந்தார்களாம். 500 ரூபாயை நீட்டி, "வாயால கேட்டிருந்தா குடுத்திருப்பேன் தம்பி, டிவிலயே போட்டுட்டீங்க" என்றார். அது வயர்லெஸ்ஸின் கோளாறு என்று விளக்க வாயெடுத்தேன். ஆனால் அன்றைக்குத்தான் அது ஒரு கோளாறும் இல்லாமல் வேலை செய்திருந்தது.

அந்த 500-ஐ எடுத்துக்கொண்டு நேரே போய் எச்டிஎம்ஐ கேபிள் வாங்கினேன். 2002-ல் வந்த சமாச்சாரம். தேடாது, அனுமதி கேட்காது, மாடிக்குப் போகாது. "எத்தனை மீட்டர் சார்?" என்றார் கடைக்காரர். மூன்றும் இருந்தது, ஐந்தும் இருந்தது. விலை குறைவு என்று 1.5 மீட்டர் கேட்டு வாங்கினேன்.

டிவி சுவரில். சோஃபா எதிர்ச் சுவரில். நடுவில் 1.5 மீட்டர் எந்த மூலைக்கு? டிவிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு லேப்டாப்பை வைத்து, அதன் பக்கத்தில் நான் நின்றுகொள்கிறேன். சோஃபாவிலிருந்து "அடுத்தது" என்று குரல் வரும். அம்புக்குறியை ஒரு தட்டு தட்டுவேன். நேற்று வளைகாப்பு போட்டோக்கள் எல்லாவற்றையும் பார்த்து முடித்தார்கள். ஒரே ஒரு குறைதான் சொன்னார்கள்: "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, மறைக்குது."